மௌனத்துக்கு வழி கேட்டுப் போனவர்கள்

தவக்காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பங்குக் கோயில்களின் அறிவிப்புப் பலகையில் ‘மூன்று நாள் தியானம்’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். வெளியூரிலிருந்து ஓர் அருள்தந்தை வருவார். பீடத்தின் இரு பக்கமும் ஒலிபெருக்கிகள் நிற்கும். பாட்டு, பிரசங்கம், மறுபடி பாட்டு, கைகளை உயர்த்தித் துதி, கடைசி நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. மனம் கசிந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. பல ஆண்டுப் பகையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அந்த மூன்று நாளின் பயனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பது அங்கே அரிது. இதே ‘தியானம்’ என்ற சொல்தான் பௌத்தத் துறவிகளோடு சீனத்துக்குப் போய் ‘சான்’ என்றானது, அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் ‘ஜென்’ என்றானது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோனது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவருடைய ஊர் எது என்பதில் பழைய சீனக் குறிப்புகள் ஒத்துப்போகவில்லை, அது வேறு விவாதம். ஒரே சொல் ஓரிடத்தில் கேட்பதையும் பாடுவதையும் குறிக்கிறது, இன்னோரிடத்தில் சுவரைப் பார்த்து வாய் மூடி அமர்வதைக் குறிக்கிறது. கத்தோலிக்கர்களில் சிலர் ஏன் பௌத்தத்தின் பக்கம் ஈர்க்கப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. கடவுள் நம்பிக்கை தளர்ந்தவர்கள், திருச்சபையின் கட்டளைகள் பிடிக்காதவர்கள், கட்டுப்பாடு இல்லாத ஆன்மிகம் தேடுகிறவர்கள்தாம் புத்தரிடம் போகிறார்கள் என்பது அந்த விளக்கம். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். ஆனால் இந்த வழியை முதலில் வெட்டியவர்களைப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. ஹியூகோ லசால் ஜெர்மானிய இயேசு சபைக் குரு. 1898-ல் பிறந்து, 1929-ல் மறைப்பணிக்காக ஜப்பான் போனவர். டோக்கியோவின் ஏழைக் குடியிருப்புகளில் உழைத்தார். தான் சேவை செய்யும் மக்களின் மனம் எப்படி வார்க்கப்பட்டது என்று அறிய விரும்பி, 1943-ல் ஒரு ஜென் மடத்தில் முதல் முறையாகத் தொடர் தியானத்தில் அமர்ந்தார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவர் அங்கே இருந்தார். கண்ணாடிச் சில்லுகள் உடலில் தைக்கப் பிழைத்தார். பிறகு உலகெங்கும் சென்று நிதி திரட்டி அதே நகரத்தில் அமைதிக்கான நினைவுப் பேராலயத்தைக் கட்டி எழுப்பினார். ஜப்பானியக் குடியுரிமை பெற்று எனோமியா என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். கடைசிவரை குருவாகவே இருந்தார். நம்பிக்கை தளர்ந்தவரின் வாழ்க்கை இதுவல்ல.

அவர் போன வழியில் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் திருச்சபையின் நடுவில் நின்றவர்கள்தாம். கமகுராவில் யமதா கோவுன் என்ற ஜென் ஆசிரியர் இருந்தார். அவர் துறவி அல்லர், குடும்பஸ்தர். அவருடைய சிறிய தியானக் கூடத்தில் அருள்தந்தையரும் அருள்சகோதரியரும் வரிசையாக வந்து அமர்ந்தார்கள். மதம் மாறுங்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கூடத்திலிருந்து ஆசிரியராகும் அனுமதி பெற்றவர்களில் தமிழர் ஒருவரும் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை ஆமா சாமி 1982-ல் யமதாவிடம் அனுமதி பெற்று, 1996-ல் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் ‘போதி ஜெண்டோ’ என்ற தியான இல்லத்தைத் தொடங்கினார். பழனி மலைத்தொடரில், ஓர் இயேசு சபைக் குருவின் வழிகாட்டலில், பல நாட்டவர் ஜென் பயில வந்து போகும் இடம் அது. நம் வாசகர்களில் பலர் கொடைக்கானலுக்குப் போகும் வழியில் அதைத் தெரியாமலே கடந்திருப்பார்கள்.

அங்கே என்னதான் நடக்கிறது? பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். தரையில் ஒரு விரிப்பு, அதன்மேல் உருண்டையான ஒரு திண்டு. திண்டின் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலும் தரையைத் தொடும்படி காலை மடித்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும், ஆனால் விறைத்துப்போகக் கூடாது. இடக்கை வலக்கையின்மேல், கட்டைவிரல் நுனிகள் மெல்லத் தொட்டபடி. மனம் எங்கோ போய்விட்டால் அந்த இரண்டு விரல்களே காட்டிக்கொடுத்துவிடும்; ஒன்று சரியும், அல்லது இரண்டும் முட்டி எழும்பும். கண்ணை மூடுவதில்லை, பாதி திறந்து தாழ்த்திவைப்பது. மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்துவரை. நடுவில் எண்ணம் ஓடிப்போனால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து. புதிதாக வருகிறவர்கள் மூன்றைத் தாண்டுவதற்குள் பத்துத் தடவை தொடங்குவார்கள். மணி அடித்ததும் எழுந்து மெதுவாக நடப்பார்கள், மறுபடி அமர்வார்கள். நாளில் ஒருமுறை ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, என்ன நிகழ்கிறது என்று சொல்லி, அவருடைய திருத்தத்தைக் கேட்கலாம். அவ்வளவே. இதில் நம்பச் சொல்லி எதுவும் இல்லை, செய்யச் சொல்லித்தான் எல்லாம். இழுப்பது இதுதான் என்பது என் வாதம். உலகம் எப்படித் தோன்றியது, மறுபிறப்பு உண்டா என்ற பௌத்தக் கருத்துகளுக்காகப் போகும் கத்தோலிக்கர் குறைவு. எப்படி உட்காருவது, எப்படிக் கவனிப்பது, மனம் அலைந்தால் என்ன செய்வது என்று படிப்படியாகக் கற்பிக்க ஆள் இருக்கிறார் என்பதே பலரை இழுக்கிறது.

‘எங்களிடம் இல்லாததா அங்கே இருக்கிறது?’ என்று ஒரு கத்தோலிக்கர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள் மனத்தின் அலைச்சலைப் பற்றி எழுதியதைப் படித்தால் தியான ஆசிரியர் ஒருவர் பேசுவதுபோலவே இருக்கும். அவர்களில் ஒருவரான எவாகிரியுஸ், செபம் என்பதே எண்ணங்களைக் கழற்றிவைப்பது என்று கற்பித்தார். பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒருவர், கடவுளை அறிவால் எட்ட முடியாது, அறியாமை என்ற மேகத்துக்குள் அன்போடு காத்திருக்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். ஸ்பெயினின் சிலுவை அருளப்பர் ஆன்மாவின் இருண்ட இரவைப் பாடினார். ஜெர்மனியின் எக்கார்ட் கடவுளைப் பற்றிய கற்பனையையும் விட்டுவிடும்படி பிரசங்கித்தார். அவருடைய சில கூற்றுகளை 1329-ல் போப் கண்டித்தார். பின்னர் 1687-ல், மனத்தை முற்றிலும் சும்மா விட்டுவிடுவதே உயர்ந்த செபம் என்று கற்பித்த மிகுவேல் டி மோலினோஸ் என்ற ஸ்பானியக் குருவின் கோட்பாடுகளை ரோம் தடைசெய்தது. அவருடைய போதனையில் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு ‘சும்மா இருத்தல்’ என்பதன்மேலேயே ஒரு சந்தேகம் படிந்துவிட்டது. ஆழ்நிலை செபம் மடத்துக் கதவுக்குள் இருக்கும் சிலருக்கு மட்டும் கிடைக்கும் அரிய வரம், பொதுமக்களுக்கு ஜெபமாலையும் நவநாளும் சிலுவைப் பாதையும் போதும் என்ற பிரிவினை வேர்விட்டது. ‘சும்மா இரு’ என்பதை ஞானத்தின் உச்சமாகப் போற்றும் தமிழ் மரபில் வளர்ந்த நமக்கு இந்த அச்சம் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் பல தலைமுறைக் கத்தோலிக்கர் தங்கள் வீட்டில் அப்படியோர் அறை இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்தார்கள்.

அந்த அறை மறுபடி திறந்த விதமே என் வாதத்துக்கு நல்ல சான்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்று உண்டு. 1970-களில் இளைஞர்கள் அங்கே வந்து, பக்கத்தில் இருக்கும் பௌத்தத் தியான நிலையத்துக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்கள். மடத் தலைவர் தாமஸ் கீட்டிங் இதைத் திருச்சபைமேல் வந்த பழியாக எடுத்துக்கொள்ளவில்லை, கேள்வியாக எடுத்துக்கொண்டார். நம்மிடம் இதைக் கற்றுத்தர ஒரு முறை இல்லையா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். 1974-ல் அந்த மடத்தின் துறவி வில்லியம் மெனிங்கர் நூலகத்தில் தூசி படிந்து கிடந்த அந்தப் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கில நூலை எடுத்து, அதிலிருந்து சாதாரண மக்கள் பயிலக்கூடிய எளிய முறை ஒன்றை வகுத்தார். இன்று பல நாடுகளில் பயிலப்படும் ‘மையப்படுத்தும் செபம்’ அங்கே பிறந்தது. புத்தரிடம் வழி கேட்ட பிள்ளைகள்தாம் தங்கள் தாய்வீட்டின் பூட்டிய பெட்டியைத் திறக்கவைத்தார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் தாமஸ் மெர்டன். மௌனம் இல்லாமல்தான் புத்தரிடம் போகிறார்கள் என்றால், மௌனத்திலேயே வாழ்ந்த துறவி ஏன் போனார்? மெர்டன் 1941-ல் கென்டக்கியின் கெத்செமனி மடத்தில் சேர்ந்த டிராப்பிஸ்ட். பேச்சைக் குறைத்து, விடியுமுன் எழுந்து, வயலில் உழைத்து வாழும் கடுமையான சபை அது. அவருடைய தன்வரலாறு 1948-ல் வெளிவந்து பெரும் எண்ணிக்கையில் விற்றது. அப்படிப்பட்டவர் ஜப்பானிய அறிஞர் டி.டி. சுசுகியோடு கடிதம் எழுதி விவாதித்தார், 1964-ல் நியூயார்க் போய் அவரைச் சந்தித்தார், 1968-ல் ஆசியாவுக்கே புறப்பட்டு வந்தார். தர்மசாலாவில் தலாய் லாமாவை மூன்று முறை சந்தித்துப் பேசினார். சென்னையில் பரங்கிமலைக்கும் மாமல்லபுரத்துக்கும் போனார். பிறகு இலங்கை சென்று, பொலன்னறுவையின் கல் விகாரையில், ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நடந்து, அந்தப் பெரிய கற்சிலைகளின் முன் நின்றார். தான் தெளிவில்லாமல் தேடிக்கொண்டிருந்தது அங்கே கண்ணெதிரே வந்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். சில நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பாங்காக் அருகே துறவிகளின் மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். மடத்தில் சேர்ந்து சரியாக 27 ஆண்டு.

மெர்டனின் கதை என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றினாலும், உற்றுப் பார்த்தால் அதைக் கூர்மையாக்குகிறது. வாய் மூடியிருப்பது ஒன்று, மனம் அடங்குவது இன்னொன்று. டிராப்பிஸ்ட் மடத்தில் பேசாமை விதியாக இருந்தது. பேசாதவனின் மனத்துக்குள் நடக்கும் இரைச்சலை என்ன செய்வது என்பதற்குக் கைபிடித்துக் காட்டும் முறை மங்கிப்போயிருந்தது. மெர்டனுக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. மேற்கத்திய இறையியல் ஓர் அனுபவம் கிடைத்த மறுகணமே அதற்கு விளக்கம் எழுதத் தொடங்கிவிடும். ஜென், விளக்கத்துக்கு முந்தைய அனுபவத்திலேயே நிற்கச் சொல்கிறது. அதனால்தான் ஜென்னை ஒரு மதமாகக் கிறிஸ்தவத்தோடு தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது என்று அவர் எழுதினார். திருச்சபையை விட்டுப் போகும் எண்ணம் அவரிடம் இருந்ததாக அவருடைய எழுத்துகள் காட்டவில்லை.

பயிற்சிக்கு அடுத்தபடியாக இன்னொரு ஈர்ப்பும் உண்டு, அதைப் பேசக் கத்தோலிக்கர்கள் தயங்குவார்கள். குற்றவுணர்வு. ஞானோபதேச வகுப்பிலிருந்தே பாவக் கணக்கு எழுதி வளர்ந்தவருக்கு, எதிரே எப்போதும் ஒரு நீதிபதி அமர்ந்திருப்பதுபோன்ற உணர்வு எளிதில் போகாது. பௌத்தம் அதே துன்பத்தை வைத்தியரின் மொழியில் பேசுகிறது. நோய் இது, காரணம் இது, தீரும், மருந்து இது. கோபம் வந்தால் ‘பாவம் செய்தாய்’ என்று அது சொல்வதில்லை. கோபம் எங்கே எழுகிறது, உடலில் எங்கே இறுகுகிறது என்று பார் என்கிறது. பார்க்கப் பழகியவருக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் திரும்பிப் போவதும் எளிதாகிறது, அச்சத்துக்குப் பதிலாகத் தெளிவோடு போக முடிகிறது.

திருச்சபைத் தலைமை இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை பௌத்தத்தைப் பெயர் சொல்லி மதித்தது. பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருக்கும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. ஆனால் 1989-ல் கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட கடிதம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஜென், யோகம் போன்ற முறைகளில் உடல் நிலையும் மூச்சும் தரும் இதமான உணர்வைத் தூய ஆவியின் ஆறுதல் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது, கிறிஸ்தவ செபம் என்றைக்கும் இருவர் சந்திப்பு, அது உத்தியால் விளைவதில்லை என்றது. இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அதை முழுமையாகப் படித்திருக்க மாட்டார்கள். கீழை முறைகள் செபிப்பவரை அமைதியோடு கடவுள்முன் நிற்கத் தயார்செய்யலாம் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இதத்தை அருள் என்று மயங்காதே என்ற எச்சரிக்கையை எந்த ஜென் ஆசிரியரும் தருவார். தியானத்தில் ஒளி தெரிகிறது, புத்தர் தெரிகிறார் என்று சீடன் சொன்னால், அதைப் பிடித்துக்கொள்ளாதே, மூச்சுக்குத் திரும்பு என்பதே அங்கே கிடைக்கும் பதில். இரண்டு எச்சரிக்கைகளும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

1994-ல் போப் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய நூல் இவ்வளவு நிதானமாக இல்லை. பௌத்தம் உலகைத் தீமையின் ஊற்றாகக் காண்கிறது, விடுதலை என்றால் உலகிலிருந்து விலகுவது என்கிறது என்று அதில் எழுதினார். அடுத்த ஜனவரியில் அவர் கொழும்பு போனபோது பௌத்த பிக்குகள் சந்திப்பைப் புறக்கணித்தார்கள். உலகை விட்டு விலகும் சமயம் என்ற அந்தத் தீர்ப்புக்கு நூல்களைவிட மனிதர்கள் நல்ல பதில். எலைன் மக்கின்னஸ் கனடாவைச் சேர்ந்த அருள்சகோதரி, யமதாவின் மாணவி. மார்க்கோஸ் ஆட்சியில் மணிலாச் சிறையில் சித்திரவதைக்கு ஆளான அரசியல் கைதிகளுக்கு அவர் ஜென் கற்றுத்தந்தார். பின்னர் பிரிட்டனில் சிறைக் கைதிகள் தங்கள் கொட்டடியிலேயே தியானம் பழக வழிசெய்தார். இலங்கையில் அருள்தந்தை மைக்கேல் ரொட்ரிகோ ஊவா மாகாணத்தின் புத்தள என்ற ஏழைச் சிங்களப் பௌத்தக் கிராமப் பகுதியில் குடிசை போட்டு, மதம் மாற்றும் நோக்கமில்லாமல், அந்த மக்களின் நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் நின்றார். 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். களனியில் துலானா ஆய்வு மையத்தை 1974-ல் நிறுவிய இயேசு சபை அறிஞர் அலோசியஸ் பீரிஸ், வறுமையை மறந்த தியானமும் தியானத்தை மறந்த புரட்சியும் ஆசியாவுக்கு ஆகாது என்று நெடுங்காலம் எழுதிவந்தவர்.

இலங்கையின் பெயர் வந்ததும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் கேள்வியை நான் தாண்டிப் போக முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் காவி உடை தியானத்தை நினைவூட்டுவதில்லை. சிங்கள பௌத்தப் பேரினவாதம் செய்ததையும், தங்கள் நிலத்தில் எழும் விகாரைகளையும் நினைவூட்டுகிறது. மேற்கத்தியக் கத்தோலிக்கரை ஈர்க்கும் பௌத்தம் சடங்கும் அரசியலும் அதிகாரமும் களைந்த, தியானத் திண்டும் மூச்சும் மட்டும் எஞ்சிய பௌத்தம் என்பது உண்மை. அது முழுப் பௌத்தம் ஆகாது. ஆனால் சிலுவைப் போர்களும் சமய விசாரணை மன்றங்களும் இருந்ததால் அசிசி பிரான்சிஸ் பொய்யாகிவிடவில்லை. ஒரு சமயத்தின் ஆட்சியாளர்கள் செய்ததைக் காட்டி அதன் துறவிகள் கண்டதை மறுக்க முடியாது. துறவிகள் கண்டதைக் காட்டி ஆட்சியாளர்கள் செய்ததை மூடவும் முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடிக்காமல் பௌத்தத்தைப் புகழ்கிறவர்களிடம் முல்லைத்தீவுக் கத்தோலிக்கர் எரிச்சலடைந்தால், அந்த எரிச்சல் நியாயமானது.

மிகக் கடினமான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. பல ஆண்டு ஜென்னில் அமர்ந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் திரும்பி ‘எங்கள் தந்தையே’ என்று தொடங்கும்போது, அந்தச் சொல் யாரை நோக்கிப் போகிறது? பௌத்தம் படைத்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. கிறிஸ்தவத்தில் அழைப்பவர் ஒருவர், அழைக்கப்படுகிறவர் இன்னொருவர். பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கொள்கை என்னைத் தொடாது என்பது நடைமுறையில் நிற்பதில்லை. பயிற்சி முற்றினால் கடவுளைப் பற்றிய படமும் மாறத்தான் செய்யும். ஜெர்மானிய பெனடிக்டின் துறவி வில்லிகிஸ் யேகர் ஜென் ஆசிரியராகிப் பல ஆயிரம் பேருக்குக் கற்பித்தார். கடவுளை ஆள்தன்மை உள்ளவராகப் பேசுவதிலிருந்து அவர் விலகிப் போகிறார் என்று கருதிய ரோம், 2002-ல் அவருடைய பொதுப் பணிக்குத் தடை விதித்தது. இந்த ஆபத்து கற்பனை இல்லை. அதே சமயம், கடவுளைப் பற்றி நாம் வைத்திருக்கும் எந்தப் படமும் கடவுள் ஆகாது என்பது பௌத்தத்திலிருந்து இரவல் வாங்கியது அன்று. அது திருச்சபையின் மிகப் பழைய போதனை. தோமாஸ் அக்குவினாஸ் 1273 டிசம்பரில் திருப்பலியின்போது ஏற்பட்ட ஓர் அனுபவத்துக்குப் பிறகு தன் மாபெரும் நூலைப் பாதியில் நிறுத்தினார், எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார். அந்த மௌனத்தை அடைந்தவர் எங்கள் தந்தையே என்று சொல்லாமல் விடுவாரா, முன்பைவிட ஆழ்ந்து சொல்வாரா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. யேகருக்கு ஒருவிதமாக ஆனது. லசாலுக்கு வேறுவிதமாக ஆனது.

லசால் தன் முதிய வயதில் டோக்கியோவுக்கு மேற்கே, அக்கிகாவா பள்ளத்தாக்கில் மலையும் ஆறும் சூழ்ந்த இடத்தில் கிறிஸ்தவர்களுக்காக ஜென் இல்லம் ஒன்றைக் கட்டினார். நாள் முழுவதும் அங்கே ஜென் முறைப்படி அமர்ந்தார்கள், நடந்தார்கள், மறுபடி அமர்ந்தார்கள். அதே கூரையின்கீழ் திருப்பலியும் நடந்தது. 1990-ல் தம் 91-ஆம் வயதில் ஜெர்மனியில் இறக்கும்வரை இயேசு சபைக் குருவாகவே வாழ்ந்தார். அந்த இல்லத்துக்கு அவர் வைத்த ஜப்பானியப் பெயர் ‘ஷின்மெய்குட்சு’. தமிழில் சொன்னால், இறை இருளின் குகை. ஸ்பெயினின் சிலுவை அருளப்பர் அந்தப் பெயரைக் கேட்டிருந்தால் யாரும் அவருக்குப் பொருள் சொல்ல வேண்டியிருந்திருக்காது.